தூக்கிலிருந்து தப்ப ஒரு பொய்: 1543 புத்தக முகப்பில் கிடக்கும் பெண் யார்?

தூக்குக்குப் பயந்து, தான் கர்ப்பமாக இருப்பதாகப் பொய் சொன்னாள் ஒரு பெண். நீதிபதி உத்தரவுப்படி மருத்துவச்சிகள் சோதித்துப் பார்த்து, கர்ப்பம் இல்லை என்றார்கள். தூக்கிலிட்டார்கள். அவள் உடல் அறுவை மேசைக்கு வந்தது.

வணக்கம் நண்பர்களே! பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1543, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியரான வெசாலியஸ், 28 வயதில், மனித உடலின் அமைப்பைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிடுகிறார். அந்தப் பெண்ணின் கதையை அதில் அவரே எழுதியிருக்கிறார். முகப்புப் படத்தில் இருப்பதும் அவள்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சரி, படத்துக்கு வருவோம்.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டுப் பாருங்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு முண்டியடிப்பதைப் போல ஒரு கூட்டம், ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். நடுவில் வயிறு திறந்து கிடக்கும் பெண். அவள் தலைக்கு மேலே, கையில் கோலோடு ஒரு எலும்புக்கூடு. பழைய படங்களில் அந்த உயரத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், உடலை நாவிதர் அறுப்பார் (அந்தக் காலத்தில் அறுவை வேலையையும் அவர்கள்தான் செய்தார்கள்). இங்கே பேராசிரியர் கீழே இறங்கிவிட்டார். ஒரு கை திறந்த வயிற்றில், இன்னொரு கையில் விரலை உயர்த்தியிருக்கிறார். பார்வை நேராக நம்மீது! நாவிதர்கள் எங்கே? மேசைக்கு அடியில், கத்திகளோடு.

எனக்கு உறுத்துவது வேறு. புத்தகத்தின் புகழ்பெற்ற தசைப் படங்கள் ஆண் உடல்கள். முகப்புக்கு மட்டும் ஏன் பெண்ணின் கருப்பை? அதைத் தொட்டுப் பார்த்து நீதிபதிக்குச் சொன்னவர்கள் மருத்துவச்சிகள். அவர்கள் சொன்னதை வைத்து ஓர் உயிரே போனது. அந்த அறிவுக்கு இந்த மண்டபத்தில் இடமில்லை. இனிமேல் கருப்பையைப் பற்றிப் பேசப்போவது தானே என்று வெசாலியஸ் அறிவிக்கும் படமாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம், இதற்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன். இடப்பக்கத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆணைப் பாருங்கள். உடம்பில் துணியே இல்லை. 1555-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது முகப்பைப் புதிதாகச் செதுக்கினார்கள். எலும்புக்கூட்டின் கையில் கோலுக்குப் பதில் அரிவாள் வந்தது. அந்த ஆணுக்கு உடையும் வந்தது. பெண் மட்டும் அப்படியே கிடக்கிறாள், திறந்த வயிற்றோடு. இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். வேறு என்ன மாறியிருக்கிறது என்று கமெண்ட்டில் சொல்லுங்கள்.