கடலில் இரும்பு தேடும் பாக்டீரியாக்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கரையிலிருந்து வெகுதூரத்தில், நடுக்கடலின் மேற்பரப்பில் ஒரு லிட்டர் நீரை எடுத்தால், அதில் கரைந்துள்ள இரும்பு பல இடங்களில் ஐந்தாறு நானோகிராம்தான். ஒரு கிராம் இரும்பைச் சேர்க்க ஏறத்தாழ 18 கோடி லிட்டர் கடல்நீர் வேண்டும். பூமியின் மேலோட்டில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை; மிகுதியாக உள்ள தனிமங்களில் அதற்கு நான்காம் இடம். கடலில் மட்டும் ஏன் இந்த வறட்சி? துருதான் காரணம். ஆக்சிஜன் கலந்த, சற்றே காரத்தன்மையுள்ள கடல்நீரில் இரும்பு கரைந்து நிற்பதில்லை. துருவாகத் திரண்டு அடியில் படிந்துவிடுகிறது.

ஆனால் அங்கே வாழும் பாக்டீரியாக்களுக்கு இரும்பு இல்லாமல் சுவாசமே நடக்காது. ஆகவே அவற்றில் பல, சிடரோஃபோர் என்னும் சிறு மூலக்கூறைத் தயாரித்து வெளியே விடுகின்றன. அது இரும்பு அயனியைச் சுற்றி வளைத்து, பெரும்பாலும் ஆறு முனைகளில் கவ்விக்கொள்கிறது. உடும்புப்பிடி என்றே சொல்லலாம். இரும்போடு வரும் மூலக்கூறைச் செல்லின் வெளிச்சவ்விலுள்ள ஏற்பிப் புரதம் இனம்கண்டு, ஆற்றலைச் செலவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இங்கேதான் எனக்குத் தீராத வியப்பு. பாடுபட்டு ஆக்கிய மூலக்கூறைக் கடலில் விட்டால், அது கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடாதா? கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வேதியியலாளர் அலிசன் பட்லரின் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் இதற்கு அழகான ஒரு விடையை வெளியிட்டார்கள். மரினோபாக்டின், அக்வாகெலின் என்ற கடல் சிடரோஃபோர்களில் இரும்பைப் பிடிக்கும் தலையோடு, கொழுப்பு அமிலத்தால் ஆன வாலும் இருக்கிறது. வாலுக்குத் தண்ணீர் ஆகாது. செல்லின் சவ்வு கிடைத்தால் அதில் செருகிக்கொள்ளும். அதனால் மூலக்கூறு எளிதில் அடித்துச் செல்லப்படுவதில்லை. இன்னொன்றும் உண்டு. இரும்பு இல்லாத நீரில் மரினோபாக்டின் மூலக்கூறுகள் வாலை உள்ளே மடக்கிச் சிறு உருண்டைகளாகக் கூடுகின்றன. இரும்பு வேண்டிய அளவு வந்ததும் அணி மாறி, உள்ளே நீர் கொண்ட பைகளாகின்றன!

அக்வாகெலின் இரும்பைப் பிடித்திருக்கும்போது வெயில் பட்டால் மூலக்கூறின் ஒரு பகுதி அறுந்து, பிடி தளர்கிறது. வெளிச்சம் இறங்கும் மேல்நீரில் இது சிறிய விஷயமல்ல.

வால் இல்லாத சிடரோஃபோர்களோ ஊர் சுற்றத்தான் செய்கின்றன. சில விப்ரியோ பாக்டீரியாக்கள் சிடரோஃபோரைத் தாமே தயாரிப்பதில்லை. ஏற்பியை மட்டும் கைவிடாமல் வைத்திருக்கின்றன. அண்டையிலுள்ள செல் அனுப்பிய மூலக்கூறு இரும்போடு அவ்வழியே மிதந்து வந்தால், வாயிலைத் திறந்து வாங்கிக்கொள்கின்றன.

நன்றி, வணக்கம்.