கொழுந்து வரும் மாதத்தில் தேர்வு எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோத்தகிரிக் குளிரிலும் இருக்கையை விட்டு எழாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோரே, தாய்மாரே, வணக்கம்.

நீலகிரியின் உயர்கல்வி முதலில் அமைய வேண்டியது மலையின் தொழிலுக்காகவா, சமவெளியின் வேலைச் சந்தைக்காகவா? இதுதான் இன்றைய தலைப்பு. மலையின் தொழிலுக்காகவே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி இரண்டு கேள்விகளை வைத்தார். "மலைக்கென்று ஒரு படிப்பு வைத்தால் பிள்ளையை மலையிலேயே கட்டிப்போட்டதாகாதா? தேயிலை விலை விழுந்தால் அந்தப் பட்டமும் சேர்ந்து விழாதா?" நியாயமான கேள்விகள். பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு அடியில் ஒரு நினைப்பு இருக்கிறது: மலைத் தொழிலில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பு. முதலில் அதைப் பார்ப்போம்.

தேயிலைத் தொழிற்சாலையில் காற்றூதிக் கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கும் வாடல் தொட்டிக்கு வாருங்கள். பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 77 பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலருக்குப் போகுமுன் அதை 70 பங்குக்குக் கொண்டுவர வேண்டும். எப்படி அறிவது? ஒரு கிலோ இலையை வலைப்பையில் கட்டித் தொட்டியின் நடுவில் வையுங்கள். அதில் காய்ந்த பொருள் 230 கிராம். அந்த 230 கிராம், பையின் எடையில் 30 சதவீதம் ஆகும்போது எடை சுமார் 770 கிராம் இருக்கும். அப்போது விசிறியை நிறுத்தலாம். ஆனால் மழையில் நனைந்த இலைக்கு இந்தக் கணக்கு பொய்த்துவிடும். மேலே ஒட்டிய நீரும் எடையில் சேர்ந்துவிடுவதால், முதலில் அதை வடித்து உலர்த்திவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். வாடல் குறைந்தால் ரோலரில் சாறு ஒழுகும், டிரையரில் விறகு கூடுதலாக எரியும். வாடல் மிஞ்சினால் நார் கூடும், சாயம் மெலியும். டிரையரில் ஆரம்பச் சூட்டை அவசரப்பட்டு ஏற்றினாலோ, தூளின் மேல்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். 3 சதவீத ஈரத்தில் மூட்டை ஏற வேண்டிய தூள் கிடங்கில் பூசணம் பிடிப்பது இப்படித்தான்.

இதைப் பணமாக்கிப் பார்ப்போம். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். ஒரு தொழிற்சாலை நாளைக்கு 15,000 கிலோ இலை வாங்குகிறது, தூள் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையிலிருந்து தூள் தேறும் விகிதம் 22 சதவீதத்திலிருந்து 21க்கு இறங்கினால் 150 கிலோ போயிற்று. ஒரே நாளில் 15,000 ரூபாய். அந்த நட்டம் தொழிற்சாலையோடு நிற்பதில்லை. பச்சை இலைக்குக் கிடைக்கும் விலையில் வந்து இறங்குகிறது. ஹட்டி என்கிற மலையூரில் முக்கால் ஏக்கர் வைத்திருப்பவரின் வீட்டில் வந்து இறங்குகிறது. அந்த ஒரு சதவீதத்தைக் காப்பாற்றத் தெரிந்த பிள்ளைக்குப் பெயர்தான் பட்டதாரி. அவருக்கு ஈரப்பதக் கணக்கும் வேண்டும், வெப்ப இயற்பியலும் வேண்டும், அடக்கவிலைக் கணக்கும் வேண்டும். இதைவிடப் பெரிய பாடத்திட்டம் எது?

அடுத்து உருளைக்கிழங்கு. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955 முதல் இயங்குவது, ஆங்கிலேயர் காலக் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் வீட்டு வளாகத்தில். உருளைக்கிழங்கு உள்ளிட்ட மேலைநாட்டுக் காய்கறிகளை இந்த மலைக்கு அறிமுகம் செய்தவரும் அதே சல்லிவன்தான். அந்தக் கிழங்குக்கு 1961இல் ஒரு சோதனை வந்தது: முட்டைக்கூடு நூற்புழு இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடு அரை மில்லிமீட்டர்தான், கடுகில் கால் பங்கு. பயிரே வைக்காவிட்டாலும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண், மண்வெட்டி, சாக்கு, செருப்பு என எதில் ஏறியும் அடுத்த வயலுக்குப் போய்விடும். விதைக்கிழங்கை வெளியே அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வந்தது இதனால்தான்.

இதைக் கண்டறிய என்ன வேண்டும்? இரண்டு சல்லடை, ஒரு வாளி, ஒரு நுண்ணோக்கி. வயலில் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தி, 250 மில்லி அளந்து, வாளித் தண்ணீரில் கலக்கி, அரை நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரைச் சல்லடைகளில் ஊற்ற வேண்டும். மேல் சல்லடை குப்பையைப் பிடிக்கும், கால் மில்லிமீட்டர் கண்ணுள்ள கீழ்ச் சல்லடையில் கூடு நிற்கும். எண்ண வேண்டியதுதான். விலங்கியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் போகத்துக்கு 20 வயல் பார்த்தால், எந்த வயலில் குப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு ரகம் வைப்பது, எதில் பயிரை மாற்றுவது என்று விவசாயி கிழங்கை ஊன்றும் முன்பே முடிவெடுக்கலாம். முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954 முதல் இருக்கிறது. குன்னூரில் தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வகுப்பறையை அங்கே கொண்டுபோக ஒரு பேருந்துச் சீட்டு போதும்.

மலைக் கல்வி மலைக்கு உதவுமா என்று யாராவது கேட்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வேலையில் முன்நின்றது அங்கேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அதே திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமம் 1956 முதல் கிராமத்தையே பாடமாக வைத்து உயர்கல்வி தருகிறது. வழி தெரியாத நாடல்ல இது.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? நாட்காட்டியில் இடிக்கிறது. நீலகிரியில் கொழுந்து வரத்து ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருமுறை குவியும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை மறுமுறை குவியும். பருவத் தேர்வு எப்போது? ஏப்ரலில் ஒன்று, நவம்பரில் ஒன்று! தொழிற்சாலை இரவும் பகலும் ஓடும்போது மாணவர் தேர்வறையில் இருக்கிறார். வரத்து ஓய்ந்து இயந்திரம் பாதி நேரம் நிற்கும்போது அவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் எதைக் கற்பார்?

இன்னொரு தவறு, கல்லூரிக்குள்ளேயே குட்டித் தொழிற்சாலை கட்டுவது. மும்முனை மின்சாரம் வேண்டும், தினமும் இலை வேண்டும், ரோலர் பல் மழுங்கினால் திரும்பத் தீட்ட ஆள் வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் திறப்பு விழாவோடு இயந்திரம் தூங்கிவிடும். இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் தேயிலைத் தொழிற்சாலைகள் மலையெங்கும் இருக்கின்றன, உறுப்பினர்களும் சிறு விவசாயிகளே. பயிற்சி அங்கேதான் நடக்க வேண்டும். அதற்கும் காவல் வேண்டும். மூட்டை தைக்கவும் தரை பெருக்கவும் மட்டும் பிள்ளையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தரும் பயிற்சி எங்களுக்கு வேண்டாம். 10 நாள் எடைமேடை, 15 நாள் வாடல், 15 நாள் ரோலர், 15 நாள் டிரையர், மீதி தரம் பிரிப்பும் கணக்கும் என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் நேரில் வந்து பார்க்க வேண்டும். உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். வாடல் 12 மணி நேரத்துக்கு மேல் போவதால் ரோலர் ஓடுவது பெரும்பாலும் இரவில். மாணவிகளுக்கு வண்டியோ தங்குமிடமோ இல்லையென்றால் பாதி வகுப்பு வீட்டில்தான் இருக்கும். இதை எந்தத் திட்ட அறிக்கையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடக் கூடாது.

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளையைக் கட்டிப்போடுகிறோமா? பட்டம் அதே பி.எஸ்சி., அதே பி.காம். ஆகத்தான் இருக்கும். பாட நேரத்தை அளக்கும் கிரெடிட் கணக்கில், அதற்குள் 20 கிரெடிட் மட்டும் மலைத் தொழிலுக்கு. கோவைக்கோ சென்னைக்கோ போக நினைப்பவருக்கு எந்தக் கதவும் மூடாது. இன்றைக்கு மூடியிருக்கும் கதவு வேறு: மலையில் இருக்க நினைக்கும் பிள்ளைக்குப் படிப்புக்கேற்ற வேலை இல்லை. விலை விழுந்தால் என்ன ஆகும்? ஈரம் அளக்கவும், உலர்த்தவும், அடக்கவிலை போடவும் தெரிந்தவருக்கு மிளகும் காபியும் மருந்துத் தொழிற்சாலையும் ஒன்றுதான். விலை விழும் ஆண்டில் நிலைத்து நிற்பது வீணாவதைக் குறைத்த தொழிற்சாலை; அதை நிற்க வைப்பவரும் அவரே.

நடுவர் அவர்களே, மணி அடிக்குமுன் கணக்கை முடிக்கிறேன். 20 கிரெடிட் பயிற்சி என்றால், கிரெடிட்டுக்கு 30 மணி வீதம், 600 மணி நேரம். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 6 நாள் என்றால் பன்னிரண்டரை வாரம். டிசம்பர் முதல் தேதி வகுப்பைத் தொடங்கிச் சனிக்கிழமையும் நடத்தினால், விடுமுறை போக மார்ச் 22க்குள் ஒரு பருவத்தின் 90 வேலைநாள் முடிந்துவிடும். இரண்டு வாரம் தேர்வு. ஏப்ரல் இரண்டாம் வாரம் இலை லாரி வந்து நிற்கும்போது, பேனாவும் பதிவேடுமாக எங்கள் பிள்ளை எடைமேடையில் நிற்பார். ஜூலை முதல் வாரம் வகுப்புக்குத் திரும்புவார். கோவையில் உள்ள பல்கலைக்கழகம் நீலகிரிக் கல்லூரிகளுக்கு மட்டும் இந்த ஒரு அட்டவணையை வகுத்துத் தரட்டும்.