ஏணியில் நிற்பவர் கைக்கு வர வேண்டிய பதிவேடு

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் பலருக்கும் நெளிநெளியான சாம்பல் நிறக் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். தமிழில் அதைக் கல்நார் என்கிறோம், எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். பூமியில் வெட்டியெடுக்கும் கல்தான், ஆனால் நார்நாராகப் பிரியும். தீயைத் தாங்கும், சூட்டைத் தடுக்கும், விலையும் குறைவு என்பதால் கூரையோடு நிற்காமல் பள்ளி, மருத்துவமனை, நூலகம் என்று பொதுக் கட்டடங்களின் தடுப்புப் பலகையிலும் சீலிங் பலகையிலும் சுடுநீர்க் குழாயைச் சுற்றிய உறையிலும் தரை ஓட்டிலும்கூடச் சேர்த்துவிட்டார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நல்ல நிலையில், யாரும் கை வைக்காமல் இருக்கும் வரை ஆபத்து குறைவு. துளைத்தால், அறுத்தால், உடைத்தால்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போனவை நுரையீரலில் தங்கிவிடும், மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளியே தெரிய 30, 40 வருடங்கள்கூட ஆகலாம். வெள்ளை, பழுப்பு, நீலம் என்று கல்நாரில் வகைகள் உண்டு, எல்லாமே புற்றுநோய் உண்டாக்குபவைதான். பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985-இலும் வெள்ளையை 1999-இலும் தடை செய்தது. சரி, தடை செய்தால் சுவருக்குள் ஏற்கெனவே இருப்பது போய்விடுமா? போகாது. அதனால்தான் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் பொறுப்பைக் கட்டடத்தை நிர்வகிப்பவர் மேல் அங்குள்ள சட்டம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பள்ளிகளுக்கென்றே 1986-இல் ஒரு சட்டம் வந்தது: கல்நார் இருக்கும் இடங்களை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும், 3 வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மறுஆய்வு செய்ய வேண்டும்.

எழுதினால் மட்டும் போதுமா? ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் பராமரிப்புப் பதிவுகளைப் பார்க்கப் போயிருந்தேன். தாழ்வாரக் கடைசியில் இருந்த அறையில் ஓர் இளைஞர் ஏணியில் நின்று, கேபிள் இழுக்க சீலிங் பலகையில் டிரில் போட்டுக்கொண்டிருந்தார். தோளிலும் தலைமுடியிலும் வெளிறிய தூள். "தம்பி, நிறுத்துங்க, கல்நார் பதிவேட்டைப் பார்த்தீங்களா?" என்றேன். "எந்தப் பதிவேடு சார்?" என்றார்.

பதிவேடு இருந்தது. அலுவலக பீரோவில், பூட்டுக்குள், அட்டை போட்டு அழகாக. திறந்து பார்த்தோம்: "நூலக அறை, சீலிங் பலகை, பழுப்புக் கல்நார், நிலை நன்று, துளைக்கக் கூடாது." எல்லாம் சரி. ஆனால் அந்த அறை நூலகமாக இருந்தது எப்போதோ! நூலகத்தைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, இந்த அறை வாசலில் கணினி அறை என்று பலகை மாட்டியிருந்தார்கள். அந்தத் தம்பி பதிவேட்டைப் படித்திருந்தாலும் புது நூலகத்தில்தான் ஜாக்கிரதையாக இருந்திருப்பார், இங்கே வந்து துளைத்திருப்பார்.

அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் இதையே சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். அறையை அதன் உபயோகத்தை வைத்து எழுதாதீர்கள். பெயர் மாறும், அறை மாறாது. நிலைச்சட்டத்தில் அழியாத எண் போடுங்கள், அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். "உள்ளே நுழைந்ததும் இடது சுவர், ஜன்னலுக்கு மேல், தூண் வரைக்கும்" என்று புதிதாக வருபவருக்கும் புரியும்படி இருக்கட்டும், கூடவே ஒரு போட்டோ, பார்த்தவர் பெயர், தேதி. வேலைக்கு வருபவர் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பீரோவுக்குள் இருப்பது அவரைக் காப்பாற்றாது.

அப்புறம், 'இல்லை' என்பது வேறு, 'பார்க்கவில்லை' என்பது வேறு. ஆய்வுக்கு வந்தவர் பூட்டிக் கிடந்த அறையைத் தாண்டிப் போயிருப்பார், அந்தக் கட்டம் காலியாக இருக்கும். படிப்பவர் அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார். 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். சந்தேகமான பலகையா, ஆய்வகம் மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்து இல்லை என்று சொல்லும் வரை கல்நார் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அகற்றுவதைப் பற்றியும் கழிவைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடியப்போகிறது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் உடைந்துவிட்டால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரும் போடாதீர்கள், இரண்டுமே நாரைக் கிளப்பிவிடும். முகத்தில் துணி கட்டினால் போதாது. எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, பயிற்சி பெற்றவர்களை வரவழையுங்கள். யார் யார் உள்ளே இருந்தார்கள், எவ்வளவு நேரம் என்பதையும் அன்றைக்கே எழுதுங்கள். அந்தப் பள்ளியிலும் மாலைக்குள் எழுதி, ஒரு நகலை அந்தத் தம்பி கையிலேயே கொடுத்தோம். அவருக்கு அப்போது 23 வயது.