15 வினாடி ஸ்டேட்டஸ்... 10,000 வெள்ளி அபராதம்!

(காட்சி: இருண்ட தியேட்டர். நடுவில் ஒரே ஒரு கைப்பேசி வெளிச்சம்.)

ஹீரோ என்ட்ரி. விசில் பறக்குது. கை தானா பாக்கெட்டுக்குப் போகுது. 15 வினாடி எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டா என்ன ஆயிடப் போகுது?

மலேசியாவுல அதுக்கு அபராதம் போட்டா, குறைஞ்சதே 10,000 வெள்ளி. கூடினது 1 லட்சம் வெள்ளி. 5 வருஷம் வரைக்கும் சிறையும் உண்டு, ரெண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். தோட்டத்துல குலை அறுக்கிறவருக்குச் சட்டப்படி குறைஞ்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. கிட்டத்தட்ட ஆறு மாச வேர்வை, ஒரு விசில் சத்தத்துக்குப் போயிடும்.

சட்டம் சுருக்கமா: 1987 பதிப்புரிமைச் சட்டம், 2012 திருத்தத்துல வந்த 43ஏ பிரிவு. "முழுசாகவோ ஒரு பகுதியாகவோ" படத்தைப் பதிவு பண்ணாலே குற்றம். காசுக்கு வித்திருக்கணும்னு இல்ல. லைவ் போட்டாலும் தப்ப முடியாது, ஏன்னா பதிவுக் கருவின்னா படத்தை அனுப்பக்கூடிய கருவியும் சேர்த்திதான்.

இப்பதான் விஷயமே. சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு காடி நிறைய பிள்ளைங்க தீபாவளிப் படத்துக்கு ஈப்போ போறாங்கன்னு வைங்க. அதுல ஒருத்தர் முழுப் படத்தையும் திருட்டுத்தனமா எடுத்துட்டார். எந்த ஹால், எந்த ஷோன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

படமே சொல்லிடும்!

ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் வகுத்த டிஜிட்டல் சினிமா விதிப்படி, படம் ஓடும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை அதுக்குள்ள விழும். நல்லா கவனிங்க, தியேட்டருக்கு வர்ற ஹார்ட் டிஸ்க்ல அது இருக்காது. படத்தோட பூட்டைத் திறந்து ஓட்டுற கருவிதான் அந்த நேரத்துல குத்துது. அதனால ஒரே டிஸ்க்கை 2-ஆம் ஹால்லயும் 4-ஆம் ஹால்லயும் போட்டா, முத்திரை வேற வேற.

(காட்சி: 35 கட்டங்கள், ஒவ்வொன்றாக எரிகின்றன.)

அந்த முத்திரை மொத்தம் 35 பிட், அதாவது 0 இல்ல 1-ன்னு 35 இடம். லயத்து வீட்டு வாசல்ல வரிசையா 35 பல்பு மாட்டி, சிலதை ஏத்தி சிலதை அணைச்ச மாதிரி. அதுல 16 பிட் நேரத்துக்கு. ஒரு வருஷத்தைக் கால் மணி கால் மணியா வெட்டினா, 366 நாளுக்கு 35,136 துண்டு. 16 பிட்டுல தாராளமா அடங்கும். மிச்சம் 19 பிட் இடத்துக்கு: 5,24,288 அடையாள எண்! இந்த 35 பிட்டும் ஒவ்வொரு 5 நிமிஷத்துக்குள்ளயும் திரும்பத் திரும்ப வரும். ஓரத்தை வெட்டினாலும், அளவை மாத்தினாலும், வினாடிக்கு 500 கிலோபிட்டுக்கு வீடியோவை நசுக்கினாலும் தாங்கணும்ங்கிறது விதி. யோசிச்சவங்க கையைப் பிடிச்சுக் குலுக்கணும்!

"அப்போ 15 வினாடி கிளிப்ல மாட்ட மாட்டேனே"ன்னு ஒரு தம்பி கேப்பார். முத்திரையில மாட்ட மாட்டீங்க, உண்மைதான். உறுதியாச் சொல்ல அரை மணி நேரப் பதிவு வேணும். ஆனா ஸ்டேட்டஸ் மேல உங்க பேரும் நம்பரும் இருக்கே தம்பி, அப்புறம் முத்திரை எதுக்கு?

இந்தியாவுல 2023 திருத்தப்படி 3 மாசத்துல இருந்து 3 வருஷம் சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாய்ல தொடங்கி, தயாரிப்புச் செலவுல 5 விழுக்காடு வரை. 100 கோடி படம்னா 5 கோடி! படச் செலவுக்கு ஏத்த அபராதம். என்னைக் கேட்டா, இதுதான் நியாயமான கணக்கு.

செல்ஃபி வேணும்னா வெளிய போஸ்டர் முன்னாடி, பாப்கார்ன் கவுண்டர்ல எடுங்க. விளக்கு அணைஞ்சதும் ஃபோனை சைலண்ட்ல போட்டு உள்ள வைங்க. பக்கத்துல தங்கச்சி தூக்கினா, கையைப் பிடிச்சு இறக்கி விடுங்க. எடுத்துட்டிருந்தா யாருக்கும் அனுப்பாதீங்க. ஃபார்வேர்ட் ஆன கிளிப் திரும்பி வராது.

தீபாவளிக்கு முதல் ஷோ டிக்கெட் எடுத்தவங்க இருக்கிற குடும்பக் குரூப்ல இந்த வீடியோவை இன்னிக்கே போடுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஒவ்வொண்ணுக்கும் பதில் வரும்.