போலந்துப் பள்ளியில் ஆடுபுலி ஆட்டம் (பிளக் பொருந்தாத கதையும் உண்டு)

வணக்கம். பின்னால் கொதிப்பது போல ஒரு சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், அது அறையைச் சூடாக்கும் குழாய். அக்டோபர் வந்ததும் உயிர் பெற்றுவிட்டது. தேநீர் கையில் இருக்கிறது, ஆகவே இது நீளமான வீடியோ என்று வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குப் புரிந்திருக்கும்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். சென்ற வீடியோவின் கீழே பாதிப் பேர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள். "பள்ளிக்குப் போகிறேன் என்கிறீர்கள், ஒரு குழந்தையைக்கூடக் காட்டவில்லையே, உண்மையிலேயே தன்னார்வலர்தானா?" காட்ட மாட்டேன். இங்கே ஒரு குழந்தையின் படத்தை வெளியிட வேண்டுமென்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தாலும் காட்ட மாட்டேன். கன்னம் சிவந்த குழந்தைகள் நடுவில் நின்று சிரிக்கும் வெளிநாட்டுத் தன்னார்வலர் படம் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். அதனால்தான் பள்ளியின் பெயரும் சொல்லவில்லை. வ்ரோட்ஸ்வாஃப் நகரத்திலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு சிறிய ஊர், அவ்வளவு போதும்.

சொல்ல மறந்துவிட்டேன், காவல்துறைச் சான்றிதழுக்காக நான் அலைந்ததைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன் அல்லவா? "பாடம் நடத்தப் போகிறவரிடம் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் எதற்கு" என்று ஒருவர் கேட்டிருந்தார். போலந்தில் 2024இல் குழந்தைகள் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். முந்தைய ஆண்டு செஸ்டொகோவா நகரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டில் நடந்த கொடுமையால் இறந்துபோனான். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. குழந்தைகளோடு வேலை செய்யும் யாராக இருந்தாலும், சம்பளமில்லாத தன்னார்வலரானாலும், பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டவர் தம் நாட்டுச் சான்றிதழையும் கொடுக்க வேண்டும். எனக்கு அலைச்சல்தான், மொழிபெயர்ப்புச் செலவுதான். ஆனாலும் இங்கே வந்த பிறகு பார்த்த விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறவரை எல்லாம் நேராக வகுப்பறைக்குள் விட்டுவிடுவதா?

சரி, இன்றைய விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் ஐந்து தன்னார்வலர்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒருவர் ஜார்ஜியா, ஒருவர் பிரேசில், இருவர் இந்தோனேசியா, பிறகு நான். தங்குமிடமும் சாப்பாடும் எங்களை வரவழைத்தவர்களின் பொறுப்பு, விமான டிக்கெட் என் பொறுப்பு. ஒவ்வொருவரும் நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மாறி மாறிப் போய், ஒரு பாடவேளை, அதாவது 45 நிமிடம், ஆங்கிலத்தில் பட்டறை நடத்த வேண்டும். இங்கே தொடக்கப்பள்ளி என்பதே எட்டு வகுப்புகள்; ஏழு வயதில் முதல் வகுப்பில் சேர்கிறார்கள்.

முதல் பட்டறையின் தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்: "என் நாடு". அதற்கு ஒரு மாதிரி படத்தொகுப்பும் அனுப்பியிருந்தார்கள். வரைபடம், கொடி, சாப்பாடு, நடனம், வணக்கம் சொல்வது எப்படி, முடிவில் ஒரு வினாடி வினா. எனக்கு இந்த வடிவம் பிடிக்காது. பிரேசில்காரர் என்றால் கால்பந்து, ஜார்ஜியாக்காரர் என்றால் மலை, நான் என்றால் தாஜ் மகால். தாஜ் மகாலுக்கு நான் போனதே இல்லை! ஆனால் அந்தத் தொகுப்பில் அது ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது, எனக்காகவே. படம் காட்டுகிறோம், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், மணி அடிக்கிறது. அந்த 45 நிமிடத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் பேசியதைக் கூட்டினால் பத்து "எஸ்" தேறும்.

இருந்தாலும் ஒப்புக்கொண்ட வேலை என்று உட்கார்ந்து தயாரித்தேன். தாஜ் மகாலை எடுத்துவிட்டுத் தஞ்சைப் பெரிய கோவிலை வைத்தேன். ஞாயிறு மாலை சார்ஜரைச் செருகப் போனேன்.

இங்கேதான் பிளக் கதை. பொறுமையாகக் கேளுங்கள், எனக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் ஊர்ச் சுவரில் சாக்கெட் தட்டையாக இருக்கும். போலந்தில் அது உள்ளே குழிந்த வட்டம். அந்தக் குழிக்குள் இரண்டு துளை, அதோடு எர்த் பின் ஒன்று சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் மூன்று பின் பிளக் அதில் நுழைய வழியே இல்லை. அது தெரிந்துதான் "உலகம் முழுவதும் வேலை செய்யும்" என்று பெட்டியில் அச்சிட்ட அடாப்டர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தேன். பெட்டி கட்டும் வீடியோவில் பெருமையாகத் தூக்கிக் காட்டினேனே, அதேதான். அது ஒரு சதுரக் கட்டி. வட்டக் குழிக்குள் சதுரக் கட்டி எப்படி இறங்கும்? பின் மட்டும் நுனியில் தொட்டுக்கொண்டு தொங்கும். கைபேசிக்குச் சமாளித்தது. மடிக்கணினி சார்ஜரின் எடையை மாட்டியதும் தொப்பென்று விழுந்துவிட்டது. புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுத்தேன், விழுந்தது. நாற்காலியைச் சாய்த்து வைத்தேன், நாற்காலியும் சேர்ந்து விழுந்தது.

மற்றவர்களின் சார்ஜரை வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கிப் பார்த்தேன். எல்லோருடையதும் புதிய வகை. என் மடிக்கணினியின் வயது உங்களுக்குத் தெரியும். சார்ஜர் இல்லாமல் மின்னஞ்சலைத் திறப்பதற்குள் அது அணைந்துவிடும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகலாமே என்றால், வெளியிலிருந்து வரும் எதையும் பள்ளிக் கணினியில் செருக விடமாட்டார்கள்.

கடைக்குப் போய் வாங்கலாம் என்றால் அன்று ஞாயிறு! போலந்தில் 2018இல் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்குத் தடை கொண்டு வந்தார்கள். ஆண்டில் சில ஞாயிறுகள் மட்டும் விலக்கு, மற்ற ஞாயிறுகளில் பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும். முதலாளி தானே கல்லாவில் நிற்கும் சிறு கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் திறந்திருக்கலாம். கடை ஊழியர்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஞாயிறு மட்டும் இருந்தது. குளிரில் நடந்து பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். அங்கே ஓர் அடாப்டர் தொங்கியது. 39 ஸ்வோட்டி. நம் பணத்தில் எண்ணூறு ரூபாய்க்கு மேல். சரி, அழுதுகொண்டே வாங்குவோம் என்று கையில் எடுத்தால், அது போலந்துக்காரர்கள் இங்கிலாந்துக்குப் போகும்போது எடுத்துச் செல்வது. போலந்து பிளக்கை அங்கே மாட்டுவதற்கு! நியாயம்தான். போலந்தில் இருக்கும் கடை போலந்திலிருந்து வெளியே போகிறவருக்குத்தானே விற்கும்? கல்லாவில் இருந்தவர் எனக்கு ஆறுதலாக ஹாட் டாக் வேண்டுமா என்று கேட்டார். வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

திங்கள் காலை படங்கள் இல்லாமல் நான்காம் வகுப்புக்குப் போனேன். ஒரு நிமிடம், அதற்கு முன் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்தப் பள்ளியில் பிள்ளைகள் நுழைந்ததும் கீழே உடை வைக்கும் அறையில் காலணியை மாற்றி, உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்பில்தான் வகுப்புக்கு வருகிறார்கள். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய நமக்கு இதைவிட நிம்மதி வேறென்ன? இது ஏன் முக்கியம் என்றால், வகுப்பறைத் தரை சுத்தமாக இருந்தது, உட்காரலாம்.

சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்தேன். பெரிய முக்கோணம், உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், குறுக்குக் கோடுகள், 23 புள்ளிகள். ஆங்கில ஆசிரியை கொஞ்சம் கவலையோடு பார்த்தார், தரையைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். 15 ஆடுகளுக்கு என்ன செய்வது? அந்த வகுப்பின் ஜன்னலோரம் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கஷ்டான் கொட்டைகள் இருந்தன. குதிரை செஸ்ட்நட் மரத்தின் கொட்டை அது, புளியங்கொட்டையை ஊதிப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பளபளப்பு. சாப்பிட முடியாது. இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி வந்து தீக்குச்சி செருகி மனிதன், குதிரை என்று பொம்மை செய்கிறார்கள். அதில் 15 எடுத்தோம். மூன்று புலிகளுக்கு யாரோ பசைக் குச்சிகளை நிறுத்தி வைத்தார்கள். தலையில் ஆரஞ்சு மூடி. புலியாகவே தெரிந்தது!

விதியைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் "வில்க் இ ஓவ்ட்சே" என்று கத்தினான். இங்கேயும் ஓநாயும் செம்மறிகளும் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது, சதுரங்கப் பலகையில் ஓர் ஓநாய், நான்கு செம்மறிகள். அவ்வளவுதான், அதற்குமேல் நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் வெட்டு உண்டு, உங்கள் ஆட்டத்தில் கிடையாது என்ற வித்தியாசம் மட்டும்தான் பாக்கி.

முதல் ஆட்டத்தில் எல்லோருக்கும் புலியாக வேண்டும். ஆடுகள் வரிசையாக வெட்டுப்பட்டன. இரண்டாவதில் ஓரங்களை முதலில் பிடிக்க வேண்டும் என்று ஆட்டுப் பக்கம் கண்டுபிடித்துவிட்டது. கடைசிப் புலி நகர இடமில்லாமல் சிக்கியதும், புலிக் கட்சியிலிருந்து நாலைந்து பேர் வெட்கமே இல்லாமல் ஆட்டுக் கட்சிக்குத் தாவினார்கள். அந்தச் சண்டை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது என்பதுதான் எனக்குப் பெருமை. நான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் வேறு வழியில்லை. "அங்கே வைக்காதே", "அவன் ஏமாற்றுகிறான்", "மூன்று நகர்வு கழித்துப் பார்". இலக்கணம் தாறுமாறு. யாரும் கவலைப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைப்பது இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். தாஜ் மகால் படத்தை அவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள்.

கேள்விகளும் வேறு தினுசாக வந்தன. உண்மையிலேயே புலி இருக்கிறதா என்றார்கள். சத்தியமங்கலம் காட்டில் இருக்கிறது, நான் நேரில் பார்த்ததில்லை என்றேன். ஒரு சிறுமி, தன் பாட்டி வீட்டுப் பக்கம் ஓநாயின் கால்தடம் இருந்தது என்றாள். போலந்துக் காடுகளில் ஓநாய்கள் உண்டு. 1998 முதல் நாடு முழுவதும் அவற்றைக் கொல்லத் தடை. ஆடு வளர்ப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்க, அங்கே ஒரு தனி விவாதம் கிளம்பிவிட்டது. முடிவில் எனக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். இங்கே 1 என்றால் தோல்வி, 6 என்றால் மிகச் சிறப்பு. பெரும்பாலும் 6. புலிக் கட்சியில் கடைசிவரை இருந்த ஒருவன் மட்டும் 3 போட்டான். அவன் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

மதியம் பள்ளிச் சாப்பாட்டில் தக்காளி சூப், உள்ளே சோறு. ரசம் சாதம் என்று கீழே எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து எழுதாதீர்கள். அதில் கிரீம் ஊற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிச் சாறு வைத்தால் திங்கள் அதிலேயே தக்காளி சூப் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வேடிக்கை. பீட்ரூட் சூப்பை நான் இன்னமும் ஏற்கவில்லை. இந்தத் தக்காளி சூப்பை ஆயிரம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்.

அடுத்த நாள் அக்டோபர் 14, இங்கே ஆசிரியர் தினம். 1773இல் அமைத்த தேசியக் கல்வி ஆணையத்தின் நினைவாகக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் பூவோடு வந்தார்கள். ஆசிரியர்கள் அறையில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் நேராக என்னிடம் வந்து, நவாநகர் மகாராஜாவைத் தெரியுமா என்று கேட்டார். 1942இல், போரின் நடுவே, சோவியத் நாட்டிலிருந்து வெளியேறி வந்த நூற்றுக்கணக்கான போலந்துக் குழந்தைகளுக்கு குஜராத்தில் ஜாம்நகர் அருகே பாலாசடியில் முகாம் அமைத்து அடைக்கலம் கொடுத்தவர். வார்சாவில் "நல்ல மகாராஜா" என்று அவர் பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது. கோலாப்பூர் பக்கம் வலிவாடேயிலும் பெரிய போலந்து முகாம் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு இதையே பட்டறையாக அவரும் நானும் சேர்ந்து நடத்தப் போகிறோம். அதற்கு மட்டும் ஒரு வரைபடம் காட்டுவேன், வேண்டியிருக்கிறது.

வரைபடம் காட்ட மடிக்கணினிக்கு என்ன வழி? கேளுங்கள்! பள்ளிக் காவலாளியிடம் சைகையால் சார்ஜரைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் சார்ஜரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகும் கம்பியை மட்டும் உருவி எடுத்தார். பழைய கணினிச் சாமான்கள் கிடக்கும் டப்பாவிலிருந்து போலந்து பிளக் வைத்த ஒரு கம்பியைத் தேடிச் செருகினார். விளக்கு எரிந்தது. செலவு பூஜ்யம் ஸ்வோட்டி! வெளிநாடு கிளம்புகிறவர்களே, சார்ஜர் கம்பி கழன்று வரும் வகையென்றால், போன இடத்தில் அந்தக் கம்பியை மட்டும் வாங்குங்கள். சதுரக் கட்டியை வாங்காதீர்கள்.

இப்போது ஓர் அவசர உதவி. நான்காம் வகுப்பில் தீராமல் நிற்கும் தகராறு இது. புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்டிய பிறகு, அடுத்த ஆடும் வசமாக இருந்தால், அதே நகர்வில் அதையும் வெட்டலாமா? எங்கள் தாத்தா ஒரு வெட்டுத்தான் என்பார், அம்மா தொலைபேசியில் இரண்டும் உண்டு என்கிறார். உங்கள் ஊரில் எப்படி ஆடுவீர்கள் என்று ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். வியாழக்கிழமைக்குள் வேண்டும், அன்று காலை முதல் பாடவேளையே அவர்களோடுதான். அந்த 3 மதிப்பெண்காரன் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருக்கிறான்.