காட்மாண்டுவில் கடைசி அரை நாள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முக்திநாத், பசுபதிநாத் என்று நேபாளம் போய்வரும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் கடைசி அரை நாள் பெரும்பாலும் கடைவீதிக்கு என்று இருக்கும். வண்டி தமேல் பகுதியில் கொண்டுபோய் இறக்கிவிடும். சாவிக்கொத்து, காந்த வில்லை, ‘பாஷ்மினா’ என்று எழுதிய சால்வை என ஊரில் பத்து வீட்டுக்குக் கொடுக்க ஒரே கடையில் வாங்கி முடித்துவிடுவார்கள். வாங்கியதில் பாதி நேபாளத்திலேயே செய்ததில்லை. அந்த அரை நாளை வேறு எங்கே கழிக்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். பாக்மதி ஆற்றைத் தாண்டித் தெற்கே போங்கள். பொருளைச் செய்கிற கைகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாங்குங்கள்.

ஆற்றைத் தாண்டினால் லலித்பூர். பாடன் என்றும் சொல்வார்கள். அங்கே பழைய புத்த விகாரைகளைச் சுற்றியுள்ள சந்துகளில் நேவார் இனத்துச் சாக்கியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செப்புச் சிலை வார்க்கிறார்கள். தாராதேவி, புத்தர், பைரவர், பிள்ளையார் எல்லாமே உண்டு. முறை நம் சுவாமிமலை ஸ்தபதிகளுக்குப் பழக்கமானதுதான்: முதலில் மெழுகில் உருவம், அதன்மேல் மண் பூச்சு, பிறகு சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகம். ஆனால் சுவாமிமலையில் கனமாக வார்ப்பது வழக்கம். பாடனில் உள்ளே கூடாக வார்க்கிறார்கள். கை, கிரீடம், பீடம் என்று தனித்தனியாக வார்த்துப் பிறகு இணைப்பதும் உண்டு. நாம் ஐம்பொன் என்போம்; அவர்களுக்குச் செம்பே முக்கியம், ஏனென்றால் தங்கம் அதில்தான் நன்றாகப் பிடிக்கும். மண்ணோடு சாணமும் உமியும் சேர்த்துப் பூசி, நிழலில் உலர்த்தி, வார்த்த பிறகு அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரு மண் அச்சுக்கு ஒரு சிலைதான்.

அதற்குப் பிறகுதான் நாள்கணக்கில் உளிவேலை. ஆடையின் மடிப்பும் நகையின் மணியும் சிற்றுளியில் பிறப்பவை. வாங்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். முகத்தில் பெரும்பாலும் பொன்தூள் பூசி, கண்ணும் உதடும் தீட்டியிருப்பார்கள், அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். சிலையைத் திருப்பி முதுகைப் பாருங்கள். விரல் இடுக்குகளைப் பாருங்கள். அங்கே வேலை ஒழுங்காக இருந்தால் கேட்கிற விலைக்கு நியாயம் உண்டு. பழைய முறையில் தங்க முலாம் பூசுவது பாதரசத்தில். தங்கத்தைப் பாதரசத்தோடு குழைத்துப் பூசித் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும். அந்த ஆவி செய்பவருடைய உடம்பைத்தான் முதலில் பாதிக்கிறது. அந்த மினுமினுப்புக்குப் பேரம் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கைகளின் புகழ் நேற்று வந்ததல்ல. 1260-ல் அரனிகோ என்ற பதின்ம வயது நேவார் கலைஞர் எண்பது பேர் கொண்ட குழுவோடு திபெத்துக்குப் போனார். அங்கிருந்து மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவைக்குச் சென்றார். பெய்ஜிங்கில் அவர் எழுப்பிய வெள்ளை ஸ்தூபி 1279-ல் முடிந்தது, இன்றும் நிற்கிறது.

சிலை வாங்குபவர்கள் ஒரு சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-ல் வந்த தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் எதையும் நேபாளத்தைவிட்டு எடுத்துப்போக முடியாது. புதிய சிலையாக இருந்தாலும், துணியில் வரையும் தங்கா என்ற புத்த சமய ஓவியமாக இருந்தாலும், அது பழையதல்ல என்று தொல்லியல் துறையின் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. நல்ல கடைக்காரர்கள் தாங்களே ஏற்பாடு செய்து தருவார்கள். “இது பாட்டன் காலத்துச் சிலை, உங்களுக்காகத்தான் எடுத்து வைத்தேன்” என்று யாராவது காதருகே சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். சிலைக் கடத்தல் எப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? பாடனில் 1984-ல் களவு போன லட்சுமி நாராயணர் கற்சிலை அமெரிக்காவின் டாலஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2021-ல்தான் ஊர் திரும்பியது.

சிலைக்குப் பணம் அதிகம், எடையும் அதிகம். இரண்டும் குறைவாக வேண்டுமென்றால் என் முதல் சிபாரிசு லோக்தா காகிதம். மலைச்சரிவுகளில், சுமார் 1,600 மீட்டர் உயரத்துக்கு மேல், தானாக வளரும் புதரின் பட்டை அது. வேரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் வெட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் மறுபடி தழைத்துவிடுகிறது. காகிதத்துக்காகக் காட்டை அழிக்க வேண்டியதில்லை. பட்டையை ஊறவைத்து, வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, நீரில் மிதக்கும் சட்டத்தில் ஊற்றி, அந்தச் சட்டத்தோடே வெயிலில் சாய்த்து வைத்துவிடுவார்கள். காய்ந்ததும் உரித்தால் ஒரு தாள். பூச்சி அரிக்காது, மடித்தாலும் எளிதில் கிழியாது. நேபாள அரசின் ஆவணங்களும் நிலப் பத்திரங்களும் காலங்காலமாக இதில்தான் எழுதப்பட்டன. இப்போது குறிப்பேடு, விளக்குக் கூடு, வாழ்த்து அட்டை என்று வருகிறது. தெற்கே ஜனக்பூர்ப் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்துவந்த மிதிலை ஓவியங்களை இந்தத் தாளிலும் வரைகிறார்கள். யானையும் மீனும் மூங்கிலுமாக ஒன்று வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினால் சுவரே சிரிக்கும்.

பாஷ்மினாவுக்கு வருவோம். முஸ்தாங், டோல்பா போன்ற உயரமான பகுதிகளில் வளரும் சியாங்ரா ஆட்டின் உள்முடிதான் உண்மையான பாஷ்மினா. ஜோம்சோம் வழியாக முக்திநாத் போனவர்கள் அந்த ஆட்டுச் சீமையைக் கடந்துதான் போயிருப்பீர்கள். கடைக்காரர் மோதிரத்துக்குள் சால்வையை நுழைத்துக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம், மெல்லிய செயற்கை இழையும் நுழையும். ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்தச் சொல்லுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் குறைந்தபட்சம் அது கம்பளி இனம். கடினமான மணியாகத் திரண்டால் அக்ரிலிக். பட்டு கலந்த சால்வை மோசடி அல்ல. எத்தனை பங்கு என்று சொல்லி விற்றால் சரி.

தட்டினால் மணிபோல ரீங்கரிக்கும் ‘பாடும் கிண்ணங்களை’ ‘ஏழு உலோகக் கலவை’ என்று விற்பார்கள்; அவற்றில் நல்லவை செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம்தான். கதையைக் கேட்காமல் நாதத்தைக் கேளுங்கள். தட்டியபின் நெடுநேரம் அறுந்துபோகாமல் நிற்க வேண்டும். ருத்ராட்சம் நேபாளத்தின் கிழக்கு மலைகளில் விளைவது. ஐந்து முகம் ஏராளம், விலையும் மலிவு. ஒரு முகம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். நீரில் மூழ்கினால் அசல் என்பதும் நம்பத்தக்க சோதனை இல்லை. நேபாள ஆண்கள் அணியும், டாக்கா என்ற நெசவுத் துணியில் தைத்த தொப்பி அழகானது, ஆனால் நம் ஊர் வெயிலில் அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? அதே துணியில் பை, மேசை விரிப்பு கிடைக்கும்.

பேரம் பேசத் தெரியாதவர்கள் லலித்பூரின் குபண்டோல் சாலைக்குப் போங்கள். மகாகுத்தி, டுகுட்டி, சனா ஹஸ்தகலா என்று, செய்தவருக்கு நியாயமான கூலி கொடுத்து விற்கும் நியாய வணிகக் கடைகள் அங்கே உண்டு, விலை ஒட்டியிருக்கும். மகாகுத்திக்கு வேரானவர் துளசி மேஹர். காந்தியிடம் இருந்து பழகி, நேபாளத்துக்கு ராட்டையைக் கொண்டுபோனவர்.

திரும்பும்போது குக்ரி என்ற வளைந்த நேபாளக் கத்தி வாங்கியிருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். அது பெரிய பெட்டிக்குள் போகட்டும். உறையில் கூடவே இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். அவற்றை எடுத்துக் கைப்பையில் போட்டுவிடாமல் உறையோடு சேர்த்தே கட்டுங்கள். சிலைக்கான சான்றையும் ரசீதையும் மட்டும் கையிலேயே வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம்.

நன்றி, வணக்கம்.