எஸ்.வி.எம். என்றால் என்ன சாமி?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். சிப் வசதிகளுக்குப் பெயர் வைக்கும்போது பார்க்க வேண்டியது தெளிவா, பழக்கமா? தெளிவுதான் என்று பேச வந்திருக்கிறேன். நேரம் குறைவு, நேராக எதிரணித் தலைவரிடம் போகிறேன்.

என்ன சொன்னார்? "பயாஸில் மூன்று எழுத்தைத் தேடிப் பிடிக்கத் தெரியாதவனுக்கு வெர்ச்சுவல் மெஷின் எதற்கு? கால்குலேட்டர் வாங்கிக் கொடுங்கள்!" நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசை அண்ணன் விசிலே அடித்தார், பார்த்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பயாஸ் என்பது கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை, வெர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்.

என் அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடிந்தால் புராஜெக்ட் காட்ட வேண்டும். ராத்திரி வெர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைத் திறந்தால், அதற்கு வேண்டிய ஏ.எம்.டி-வி என்ற சிப் வசதி பயாஸில் அணைந்திருக்கிறது என்று வந்து நிற்கிறது. சரி, போட்டுவிடலாம் என்று பயாஸுக்குள் போகிறான். ஏ.எம்.டி-வி எங்கே? இல்லை. வெர்ச்சுவலைசேஷன்? இல்லை. அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போகிறான். ஃபேன் வேகம் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, கலர் லைட்டுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது!

எனக்கு போன். "மாமா, என் மெஷினில் அந்த வசதியே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்."

"சிபியு பக்கத்தில் என்னடா இருக்கிறது, படி."

"எஸ்.வி.எம். மோடு, டிஸேபிள்டு."

"அதுதான்டா!"

"இல்லை மாமா, அது எனக்குத் தெரியும். இந்த செமஸ்டரில் மெஷின் லேர்னிங் இருக்கிறது. சப்போர்ட் வெக்டர் மெஷின். அதை எதற்குத் தொடுவானேன் என்று விட்டுவிட்டேன்!"

நடுவர் அவர்களே, நீங்களே சிரித்தால் எப்படி? எஸ்.வி.எம். என்றால் அவன் பாடத்தில் சப்போர்ட் வெக்டர் மெஷின் என்ற கணக்கு முறை, சிப் செய்யும் ஏ.எம்.டி. கம்பெனியின் கையேட்டில் செக்யூர் வெர்ச்சுவல் மெஷின், அதாவது அவன் தேடிய ஏ.எம்.டி-வியேதான். தலைவரே, பையனுக்கு எழுத்துத் தெரியாமலா போயிற்று? கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது! அவனுக்குக் கால்குலேட்டரா? தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அதில் கூட்டல் பட்டன் கூட்டும், கழித்தல் பட்டன் கழிக்கும். அதைத்தானே நாங்களும் கேட்கிறோம்!

மீதிக் கூத்தையும் கேளுங்கள். இதே வேலைக்கு 2005இல் இன்டெல் கொண்டு வந்தது வி.டி-எக்ஸ். லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் ஃபிளாக், அதாவது அந்த வசதி சிப்பில் உண்டு என்று காட்டும் அடையாளச் சொல், வி.எம்.எக்ஸ். மறு ஆண்டு ஏ.எம்.டி-வி வந்தது, ஃபிளாக் எஸ்.வி.எம். விளம்பரத்தில் ஒன்று, உள்ளே ஒன்று. வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். 'ஹைப்பர்வைசர்' என்றும் ஒரு ஃபிளாக் உண்டு. அது இருந்தால் ஹைப்பர்வைசர் ஓட்டலாம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லையாம். நீங்களே ஒரு ஹைப்பர்வைசருக்குள் குடியிருக்கிறீர்கள் என்று அர்த்தமாம்!

பழைய பெயரை மாற்றினால் அதைத் தேடும் ஸ்கிரிப்ட், அதாவது சின்னச் சின்ன நிரல், எல்லாம் படுத்துவிடும் என்றார்கள் எதிரணியினர். நியாயம்தான். அதனால்தான் எஸ்.எஸ்.இ.3 என்ற சிப் வசதி இன்றும் லினக்ஸில் பி.என்.ஐ. என்ற பழைய பெயரிலேயே நிற்கிறது. வைத்ததை மாற்ற வேண்டாம், இனி பிறக்கும் பிள்ளைக்காவது ஒழுங்காகப் பெயர் வையுங்கள்.

மணி கேட்டது ஐயா, ஒரு நிமிடம். அந்தக் கம்ப்யூட்டர் வாங்க என் அக்கா வளையலை அடகு வைத்தாள். அன்று போனில் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "தம்பி, கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?" எதுவும் கெட்டுப்போகாத மெஷின் நடுவர் அவர்களே! டிஸேபிள்டை எனேபிள்டு ஆக்கினால் முடிந்தது. அதற்குள் பெற்றவள் திருப்பிக் கொடுக்கத் துணிந்துவிட்டாள். எதிரணித் தலைவர் அவளுக்கும் கால்குலேட்டர்தான் வாங்கித் தருவாரா? தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.